நான் எழுதிய ஏழு கன்னியர்

அந்த ஏரிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

சென்னையிலிருந்து தெற்கே செங்கல்பட்டைத் தாண்டி, பெருஞ்சாலையை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே இன்னும் முக்கால் மணி நேரம் போக வேண்டும். நான் வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகம் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் எங்கள் வேன் மயிலாப்பூர்க் குளத்தருகே ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஏரிக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பிவிடும். ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு கொடுப்போம். ஏரியைச் சுற்றிப் பார்க்க என்னென்ன இருக்கிறது, அவற்றின் வரலாறு என்ன என்று படங்களோடு இருக்கும். அதை எழுதியது நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். அப்பாவும் அம்மாவும் மயிலாப்பூரில் ஒரு குறுக்குத் தெருவில், வாதாம் மரத்தடியில், இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்பதைத் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நான் பி.ஏ. வரலாறு படித்தேன். அந்த அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாக்கியங்கள் எழுதுவதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை நான் ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

கையேட்டை எழுதும்போது நான் ஏரியைப் பார்த்ததில்லை. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் அப்படித்தான். முதலாளி வேன் ஓட்டும் அண்ணனை ஒரு கைப்பேசியோடு அனுப்பினார். அவர் ஒரே பகலில் ஏரியைச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினார். எழுபதுக்கும் மேல் படங்கள். அவற்றை வைத்துக்கொண்டு நான் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். ஏரிநீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மதகு, அதன் இரண்டு கல்தூண்கள், தூணில் தேய்ந்துபோன மீன் உருவம். மழைக்காலத்தில் நிரம்பிய நீர் வழிந்தோடும் கலிங்கல். ஏரிக்கு நடுவே கருவேல மரங்கள் அடர்ந்த திட்டு, அதில் கூடு கட்டும் நாரைகள். கூரையில்லாத ஒரு சிவன் கோயில். வெள்ளைக்காரர் காலத்தில் அதிகாரிகள் வந்து தங்கிய பங்களா, இப்போது சுவர் மட்டும். எல்லாவற்றுக்கும் பழைய நூல்களில் ஏதாவது ஒரு வரி கிடைத்தது.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. தென்கரையில், நீர் விளிம்பில், வரிசையாக ஏழு கற்கள்.

ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன்.

“கரையோரமா நடந்துக்கினு இருந்தேன் மா. வரிசையா கல்லு கீது, பாக்க சோக்கா இருந்துச்சு, எடுத்தேன்.”

“யாராவது கும்பிடுறாங்களா அண்ணா?”

“நான் போனப்போ ஒருத்தரும் இல்ல. மத்தியான வெயிலு. ஆனா மேல வெள்ளையா இன்னாமோ பூசினா மாதிரி கீது. உத்துப் பாரு.”

உற்றுப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் படிந்திருந்தது. இரண்டு கற்களில் லேசான நீலமும் தெரிந்தது. ஏழு கல், நீர்க்கரை, வெள்ளைப் பூச்சு. ஏரிக்கரையில் ஏழு கல்லை வைத்துக் கன்னிமார் என்று கும்பிடுவது நம் ஊர்களில் உள்ள வழக்கம்தான். வரலாறு படித்த எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. இப்படி எழுதினேன்:

‘ஏரியின் தென்கரையில் நீரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள் சப்த கன்னியர். தலைமுறை தலைமுறையாகப் பக்தர்களின் கைகள் தொட்டுத் தொட்டு இந்த ஏழு கற்களின் முகமும் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டது. பூசிய திருநீற்றையும், பண்டைய வண்ணத்தின் நீலச் சாயலையும் இன்றும் காணலாம். கூரை இல்லை, கோபுரம் இல்லை. ஏரியே இவர்களுக்குக் கோயில்.’

கடைசி வரியை எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்தேன். முதலாளியும் அந்த வரியைத்தான் பாராட்டினார்.

ஒன்றரை வருடம் ஓடியது. நான் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் பதிவு செய்துகொண்டிருந்தேன். கன்னிமார் கோயிலுக்குப் போவீர்களா என்று கேட்டுப் பலர் பதிவு செய்தார்கள். கோயில் என்று அவர்கள் சொன்னபோது என் வரியின் அழகில் மயங்கிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

போன பங்குனியில், வழக்கமாக வேனோடு போகும் வழிகாட்டிக்கு அக்கா கல்யாணம். “நீதானே எழுதினே, நீயே போய்ச் சொல்லிக் காட்டிட்டு வா” என்றார் முதலாளி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா என் நீலச் சுடிதாருக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

வேனில் பதினொரு பேர். முன்னிருக்கையில் மயிலாப்பூர் மாமி ஒருவர், மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் ஏழு சின்னப் பாவாடைத் துணிகள், மஞ்சள், பூ.

“நான் மூணாவது தடவையா வரேன், தெரியுமோ?” என்றார். “எங்காத்துப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகி ஒம்போது வருஷம். பாக்காத டாக்டர் இல்லை. இங்க வந்து கன்னிமாருக்கு வேண்டிண்டு போனேன். ரெண்டே மாசம். இப்போ பேத்தி தவழறா.”

“ரொம்ப சந்தோஷம் மாமி” என்றேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையேட்டின் ஆறாம் பக்கம் ஒரு குழந்தையைப் பிறப்பித்த மாதிரி பெருமை.

ஏரியை முதல்முதலாகப் பார்த்தேன். ‘கடல்போல் விரிந்த’ என்று எழுதியிருந்தேன். அது கடல் மாதிரி இல்லவே இல்லை. அலையே இல்லாமல், வானத்தைத் தன் மேல் வைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தது. பட்ட மரக் குச்சிகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. அவற்றைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை, ஏனென்றால் ஓட்டுநர் அண்ணன் படம் எடுக்கவில்லை. மதகுத் தூணில் இருந்தது மீன் அல்ல, ஆமை. பங்களாவில் குளிர்காய விறகு மூட்டும் மாடத்துக்குள்ளிருந்து வேப்பமரம் கிளம்பிச் சுவரைப் பிளந்துகொண்டு நின்றது. வாசற்படிகள் இருந்த இடம் பள்ளமாக இருந்தது, படிகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நான் எழுதியதைச் சொன்னேன், கண்ணால் கண்டதையும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். மீனை ஆமை என்று திருத்தியபோதுகூட யாரும் குறை சொல்லவில்லை.

பதினொரு மணிக்குத் தென்கரை.

முதலில் தெரிந்தது தகரக் கூரை. அதன் கீழே, நீர் விளிம்பில், மஞ்சள் துணி சுற்றிய ஏழு உருவங்கள். ஒரு மணி தொங்கியது. எவர்சில்வர் உண்டியல் ஒன்று சங்கிலியால் கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தது. மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தட்டோடு எழுந்து வந்தார். முன்பு கரைமேல் இளநீர் விற்றவராம், இப்போது இவர்தான் பூசாரி.

நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது: கூரை இல்லை, கோபுரம் இல்லை. இப்போது கூரை இருந்தது.

கம்பத்தில், ஆள் உயரத்தில், ஏதோ ஒரு தாள் பிளாஸ்டிக் உறையிட்டு மாட்டப்பட்டு, நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, சின்ன மல்லிகைச் சரம் சூட்டப்பட்டிருந்தது. கிட்டப் போனேன். என் கையேட்டின் ஆறாம் பக்கம்.

“ஐயா, இது என்ன?” என்று கேட்டேன், தெரியாத மாதிரி.

“தல வரலாறும்மா” என்றார். “பட்டணத்துல பெரிய படிப்பு படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணி எழுதுனது. எங்களுக்கே தெரியாம இருந்துச்சு. இத்தினி வருஷமா தாயிங்க இங்கதான் குந்திக்கினு இருந்திருக்காங்க, நாங்கதான் கண்டுக்கல.”

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்டது பெருமைதான். என் எழுத்துக்கு ஒருவர் பூ வைத்திருக்கிறார். நான் கன்னிமாரையும், மாலை சூடிய என் தாளையும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு எழுதி அனுப்ப முடியாது, அதனால் குரலில் சொன்னேன்: “ம்மா, நான் எழுதின இடம். பாரு.”

மாமியும் மற்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். மாமி பழைய துணிகளை அவிழ்த்துத் தன் பாவாடைத் துணிகளைக் கட்டினார். கற்களின் வழவழப்பான முகம் ஏரிப் பக்கம் பார்த்திருந்ததால், முழங்காலளவு நீரில் நின்று கரையைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். நானும் இறங்கினேன். ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் ஏரியின் அடியில் இரண்டு குழிகள் இருந்தன, சரியாக இரண்டு பாதம் பதியும் அளவுக்கு. என் கால்கள் போய் அவற்றில் பொருந்தின. சரளைக் கல் இட்டுக் கெட்டிப்படுத்திய குழி. கல் என்னை நோக்கிச் சாய்ந்திருந்தது, இடுப்பு உயரத்தில்.

அப்போது கைப்பேசி சத்தமிட்டது. அம்மா குரல் அனுப்பியிருந்தாள், தட்டினேன். நான் எப்போதும் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பேன்.

“இன்னாடி இது, துவைக்கிற கல்லுக்கு எவ பொடவை கட்டி வச்சா?” என்றது அம்மாவின் குரல், எல்லோருக்கும் கேட்கும்படி. அடுத்தது உடனே வந்தது. “நல்ல கல்லுடி. அந்தக் காயிதத்துல கீற படத்துல பாத்தேன், ரெண்டாவது கல்லு சூப்பரா தேஞ்சிக் கீது. சும்மா போட்டு வச்சா பாசி புடிச்சிக்கும்னு சொல்லு அவங்களாண்ட.”

கரையில் நின்ற ஓட்டுநர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கையைக் கல்மேல் வைத்தேன். கைகள் தொட்டுத் தொட்டு அல்ல. துணி அடித்து அடித்து. வெள்ளைப் படிவு சலவை சோடா. பண்டைய வண்ணம் என்று நான் எழுதியது வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். எங்கள் வீட்டு மாடப் பிறையில் அதே நீலம் ஒரு டப்பாவில் இருக்கிறது. என் பள்ளிச் சட்டைக்கு அம்மா அதைத்தான் போடுவாள்.

அம்மா ஒரு கிராமத்து ஏரியில் துவைத்து வளர்ந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகுதான் இஸ்திரி. கையேடு அச்சாகி வந்த அன்று அதை அம்மா கையில் கொடுத்தேன். அவள் வழவழப்பான அட்டையைத் தடவிவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே நான் பிரித்துக் காட்டவில்லை. படிக்கத் தெரியாதவளுக்கு எதைக் காட்டுவது என்று நினைத்தேன். ஆறாம் பக்கத்துப் படத்தை அவள் ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். படம் பார்க்க எழுத்து எதற்கு?

தகரக் கூரையின் மறுபக்கத்தில் ஒரு பலகை இருந்தது. வரும்போது அதன் முதுகைத்தான் பார்த்திருந்தேன். இப்போது தண்ணீரிலிருந்து தெரிந்தது: ‘புனிதமான இடம். இங்கே துணி துவைக்கக் கூடாது.’

“இங்க யாரு துவைச்சுக்கிட்டிருந்தாங்க?” என்று பூசாரியிடம் கேட்டேன்.

“ஒரு குடும்பந்தாம்மா. விவரம் தெரியாம செஞ்சுக்கினு இருந்தாங்க. சொன்னதும் போய்ட்டாங்க. இப்ப கலிங்கலாண்ட துவைக்கிறாங்க.” அவர் கரைமேல் கையை நீட்டினார். “தோ, அந்தம்மாதான்.”

கரை மேல் ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. பின்னால் இரண்டு பெரிய துணி மூட்டைகள். ஓட்டி வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் அவள் நிறுத்தினாள்.

நான் ஈரக் காலோடு கரை ஏறிப் போனேன்.

“அக்கா, அந்தக் கல்லுங்க…”

“கும்பிட்டாச்சா?” என்றாள். “வண்டிய நகத்தச் சொல்லு பாப்பா. கல்யாண மண்டபத்து விரிப்பு, நாளைக்கிக் காலைல தரணும்.”

“அது துவைக்கிற கல்லுதானே?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மொபெட்டை ஸ்டாண்டு போட்டாள்.

“இப்பத்தான் ஒரு மனுசி கேக்கிறா! ஏழு கன்னியாம், ஏழு கன்னி! நாலாவது கல்லு எங்க மாமனாரு போட்டது. பங்களா வாசப்படிய பேத்து, ரெண்டு பேரு சொமந்தாந்து போட்டாங்க. அவரு கன்னியா, கேளு அந்தாள!”

“நீங்க சொல்லலையா?”

“சொல்லாம? நம்ம பேச்ச யாரு கேப்பா? காயிதத்தக் காட்டுறான். எழுதிக் கீதுன்றான். எழுதுனதுக்கு மேல நான் இன்னா பேசறது?” என்றவள், கலிங்கல் பக்கம் கையைக் காட்டினாள். “அங்க சிமிட்டுத் தரை. துணி நாலு தரம் அடிச்சா நாரா கிழியுது. மண்டபத்துக்காரன் ரெண்டு தபா பேசிட்டான், இனிமே கிழிஞ்சா டவுனு லாண்டிரிக்குப் போட்டுர்றேன்னு. எங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு வேலதான்.”

வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறியிருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது.

“அக்கா, அத எழுதினது நான்தான்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவள் பார்வை என் சுடிதாரின் கைமடிப்பில் நின்றது. அந்த மடிப்பின் கூர்மை தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

“யாரு வூட்டுப் பொண்ணு நீ?”

“மயிலாப்பூர்ல. அப்பா அம்மா இஸ்திரி வண்டி.”

“நம்ம பொண்ணா?” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “நம்ம பொண்ணா எழுதுனது?”



நான் திரும்பி இறங்கிப் போய், மணியை அடித்தேன். எல்லோரும் பார்த்தார்கள். சொன்னேன். இவை துவைக்கும் கற்கள். இந்த அக்கா குடும்பத்துடையவை. கையேட்டில் நான் தவறாக எழுதிவிட்டேன். ஊருக்கு வராமல், படத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

பூசாரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“நீ எழுதுனியா? சின்னப் பொண்ணு நீ. அது யாரோ பெரியவங்க எழுதுனது.”

கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஆறாம் பக்கம் முழுவதையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். பூசாரிக்குப் படிக்க வரும். தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ‘ஏரியே இவர்களுக்குக் கோயில்’ வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். நம்பிவிட்டார். நான் நினைத்தேன், முடிந்தது, இனி துணிகளை அவிழ்ப்பார்கள் என்று.

மாமி தண்ணீரிலிருந்து ஏறி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“நீ இங்க வந்ததே இல்லைங்கறே. யாரும் உனக்குச் சொல்லலைங்கறே. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லைங்கறே. அப்புறம் எப்படிடி கொழந்தே எழுதினே? அவாதான் உன் கையைப் பிடிச்சு எழுத வெச்சிருக்கா.”

“இல்ல மாமி. எனக்குத் தெரியாம…”

“அதான்! தெரியாமத்தான் வரும். என் பேத்தி பொய்யா?”

பின்னால் இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கற்களைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. பூசாரி ஒரு படி மேலே போய், கீழே வைத்த தட்டை எடுத்து எனக்குத் திருநீறு நீட்டினார். என் தவறை ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு உரிமை இல்லாமல் போனது.

மூட்டைக்கார அக்கா கரை மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து என்னைக் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தாள்.

“சாமி இல்லன்னு சொல்லாதே. ஒடம்பு வலிக்கக் கத்துனாலும் கேக்க மாட்டாங்க. பேனா கீதா?”

“இருக்கு.”

“காயிதத்துல இன்னொரு வரி போடு. எங்க ஆளுங்க இங்க துவைச்சாத்தான் தாயிங்களுக்குப் புடிக்கும்னு.”

“நான் பொய் எழுத மாட்டேன் அக்கா.”

“மொதல்ல எழுதுனது இன்னாது?”

அவள் அதைக் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பேனாவைத் திறந்தேன்.

பூசாரியிடம் தாளை இறக்கித் தரச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் பூவைக் கழற்றி, உறையிலிருந்து தாளை உருவிக் கொடுத்தார். உண்டியல் மேல் வைத்து, அச்சுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுத ஆரம்பித்தேன். ‘இந்த ஏழு கற்களிலும் துணி துவைப்பது நெடுநாளைய வழக்கம். இக்கரையில் துவைத்துவரும் குடும்பத்தாரே அதற்கு உரியவர்கள். நாலாவது கல்லை அமைத்தவர் அந்தக் குடும்பத்தின் பெரியவர். இதை யாரும் தடுக்கக் கூடாது.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் நிற்கும். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கூடியிருந்தவர்கள் கேட்ட விதத்தைப் பார்த்தபோது, அவர்கள் காதில் விழுவது வேறு என்று தெரிந்தது.

“வெள்ளி, செவ்வா வேணாம்” என்றார் பூசாரி, அக்காவைப் பார்த்து. “கூட்டம் வர நாளு.”

“வெள்ளி மட்டும் வுட்டுத் தரேன். செவ்வா எனக்கு மண்டபத்துத் துணி வரும்.”

“ஞாயிறு?”

“ஞாயித்துக்கெழம துவைக்காம திங்கக்கெழம எப்பிடிக் குடுக்கிறது? இதுங்க பாக்குறதுன்னா பாத்துட்டுப் போவட்டும்.”

அவர் தலையைச் சொறிந்தார். மாமி குறுக்கே வந்தார். “வழக்கம்னு எழுதியிருக்கே, நீர் யாரு வேண்டாம்கறதுக்கு? துவைக்கட்டும். இத்தனை நாள் துவைக்காம விட்டதே அபசாரம்.” மாமியே தண்ணீரில் இறங்கி, இரண்டாவது கல்லின் பாவாடைத் துணியை அவிழ்த்தார். அரை மணி நேரம் முன்புதான் அதைக் கட்டியிருந்தார்.

பூசாரி பலகையைக் கழற்றிக் கம்பத்தோரம் சாய்த்து வைத்தார், முகம் உள்பக்கம் இருக்கும்படி.

அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டாள். ஓட்டுநர் அண்ணன் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். “இன்னா மா இது, நான் எடுத்த ஒரு போட்டோவுக்கு இம்மாம் பெரிய வேலையா?” என்று என் காதருகே முணுமுணுத்தார். அவள் நீரில் இறங்கி, பாதத்தால் தடவி, அடியில் இருந்த குழிகளைக் கண்டுபிடித்தாள். கல்லின் மேல் கையை வைத்து, பாசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அரைப்பிடி மணலை அள்ளித் தேய்த்தாள். பிறகு ஒரு விரிப்பை நனைத்து முறுக்கி, தலைக்கு மேல் சுழற்றி அடித்தாள்.

அந்தச் சத்தம் ஏரியைத் தாண்டிப் போய்த் திட்டில் மோதியது. நாரைகள் மொத்தமாகக் கிளம்பின.

வேனில் வந்த பதினொரு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் அடிக்குச் சோப்பு நீர் தெறித்தது. அவர்கள் விலகவில்லை. மாமி உள்ளங்கையைக் குவித்து நீட்டி, தெறித்ததைப் பிடித்துத் தலையில் தடவிக்கொண்டார். ஒரு பெண் தன் குழந்தையை முன்னால் தூக்கிக் காட்டினாள். பூசாரி மணி அடிக்க ஆரம்பித்தார்.

நான் அக்காவையே பார்த்தேன். அவள் சிரிப்பாள், அல்லது என்னைத் திட்டுவாள், அல்லது இந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. அலசிய விரிப்பைப் பக்கத்துக் கல்லில் போட்டுவிட்டு, ஓட்டுநர் அண்ணனிடம் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவர் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார். மூட்டையில் இன்னும் முப்பது விரிப்புகளாவது இருந்தன.